லைசென்ஸ் வந்த மறுநாள்

ராணுவக் குடியிருப்பில் சீருடை தைக்கும் தையல்காரம்மாவுக்குத் தோள் இறுகிப்போய், மூன்று மாதமாக வலது கை மேலே எழவில்லை. ஆளாளுக்கு ஒரு எண்ணெய் தேய்ப்பவரைக் கூட்டிவந்தார்கள். "லைசென்ஸ் இருக்கா?" என்று அவள் கேட்டதும் வந்தவர்கள் நழுவினார்கள்.

எதிர்வீட்டுக்கு மாற்றலாகி வந்த சிப்பாயின் மனைவி, வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கை குறைக்கக் கொண்டுவந்தாள்.

"டாக்டராம்மா நீ?"

"பிசியோதெரபிஸ்ட், அக்கா. மாநிலம் மாறினா புதுசா லைசென்ஸ் வாங்கணும். நேத்துதான் வந்துச்சு."

"காட்டு, பாப்போம்!"

முத்திரைவரை படித்துவிட்டு, தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மொத ஆள் நான்தான்."

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஏழாவது வாரம், அணிவகுப்பு முடிந்து சீருடையோடு வந்த தன் கணவருக்கு வாசலிலேயே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். பழக்கதோஷத்தில் அவரும் பதிலுக்கு அடித்துவிட்டார். அப்புறம்தான் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.