நூற்றுப் பத்தாவது லெவல்

வயிற்றுப்போக்கு என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். இரண்டு மாதம் அப்படியே கிடந்தேன். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவதானாலும் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பேன். எச்.ஐ.வி. மாத்திரையையும் நிறுத்தியிருந்தேன். வாங்குகிற வரிசையில் தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்ற பயம்தான்.

தம்பிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். எங்கள் ஊர்த் தங்க மைன்ஸ் மூடும்வரை தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன். டாக்டரம்மா மலத்தையும் ரத்தத்தையும் சோதித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குடலில் இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி குறைந்த நேரம் பார்த்துப் பெருகிவிட்டது என்றார். அதற்கு மாத்திரை கொடுத்தார். விட்டுப்போன மாத்திரையையும் திரும்பத் தொடங்கினார். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கப் போன தம்பி, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த என்னிடம் முகம் செத்துத் திரும்பி வந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. பெங்களூருக்குப் போன் போட்டு உம் பொண்ண ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போகச் சொல்லட்டா?"

"உள்ளதச் சொல்லுடா."

"நர்சம்மா லெவல் சொன்னாங்க. அப்ப நாப்பதாம். இப்ப நூத்திப் பத்தாம்."

எங்கள் ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தின் ஆழம். எண் கூடக்கூடக் கீழே. நூற்றுப் பத்து என்றால் அனலடிக்கிற அடிமட்டம். நானும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன், வயிறு கம்முனு இருந்தது. கீழே போகிறவளுக்கு இப்படியா பசிக்கும்?

எழுந்து போய், மாத்திரை வாங்கும் வரிசை மொத்தமும் பார்க்க, நானே நர்சிடம் கேட்டேன். "என் லெவல் கீழ போவுதாம்மா, மேல வருதா?"

"மேலதான் பாட்டி. ரத்தத்துல எதிர்ப்புச் சக்தியோட அளவு இது, ஏறினா நல்லது. இன்னும் ஏறணும், மாத்திரைய மட்டும் விட்றாதீங்க."

"இத மொதல்லயே சொல்றதில்லையா?" என்றான் தம்பி. "எங்கக்காவ நான் அடிமட்டத்துல எறக்கி வுட்டுட்டு நிக்கிறேன்."

வரிசையே சிரித்தது. எங்கள் தெருக்காரி ஒருத்தியும் அதில் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். நான் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டாவது மசால் தோசை கேட்டேன்.

"போதும்க்கா, கேஜ் தூக்காது."

"நீ எறங்கிக்கோ" என்றேன். கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே உட்கார்ந்திருந்தது, வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.