கேஸ் கீழேதான் படுக்கும்

சித்தப்பா சமைக்கும் இடத்துக்குப் பதினான்கு படி இறங்க வேண்டும். லாட்ஜின் நிலத்தடி அறை. ஜன்னல் கிடையாது, கூரையோரம் கையகல ஓட்டை, அதில் ஒரு விசிறி. காலையில் இறங்கியதும் அவர் விளக்கைப் போடமாட்டார். கடைசிப் படியில் குத்துக்காலிட்டு, தலையைத் தரைவரை கொண்டுபோய் மூச்சை இழுப்பார். நாற்றம் இல்லையென்றால்தான் சுவிட்ச். பத்தொன்பது வருடமாக இப்படி.

வேதியியல் படித்தவர், ஒரே ஒரு தாள் பாக்கி. "புரொப்பேனும் பியூட்டேனும் காத்தைவிடக் கனம். தண்ணி மாதிரி பள்ளம் தேடி வந்து படுக்கும். அதுக்குச் சொந்தமா வாசனைகூட கிடையாது. நமக்குத் தெரியணும்னு நாத்தத்தைக் கலந்து அனுப்புறாங்க" என்பார். ஒரு பங்கு புரொப்பேன் நீலமாக எரிய இருபத்துநான்கு பங்கு காற்று வேண்டும். அந்த அறையின் காற்றுக்கு அடுப்பும் அவரும் போட்டி.

சிலிண்டரைப் பின்முற்றத்துக்கு ஏற்றிவிட்டுக் குழாயை மட்டும் கீழே விடலாம். முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. முதலாளி, சித்தியின் அண்ணன்; சித்தப்பாவுக்கு மச்சான். இவர்கள் குடியிருக்கும் மாடியறையும் அவருடையது.

"முற்றத்துல வச்சா வர்றவங்க கண்ணுல படும், மாப்ளே. அசிங்கமா இருக்கும்."

"ஏத்தலைன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று சித்தியிடம்தான் சித்தப்பாவால் சொல்ல முடிந்தது.

"அண்ணன்கிட்ட மூஞ்சியைக் காட்டாதீங்க. வீட்டைக் காலி பண்ணுன்னா எங்க போறது?"

போன மாதம் மச்சான் ஒரு அலாரம் வாங்கி வந்தார். கேஸ் கசிந்தால் கத்தும் பேட்டரிப் பெட்டி. அதைக் கூரையில் மாட்டச் செய்தார். சித்தப்பா அண்ணாந்து பார்த்தார்.

"கேஸ் தரையில கிடக்கும், மச்சான். இது அங்க உட்கார்ந்து எதை மோந்து பாக்கும்?"

"புகை அலாரம் எங்க மாட்டுறாங்க? மேலதானே. உமக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

மூன்று வாரம் அது வாயே திறக்கவில்லை. மச்சானுக்கு அதில் பெருமை.

செவ்வாய்க்கிழமை மதிய வேலை முடிந்து அடுப்பை அணைத்ததும், சித்தப்பா அதைக் கழற்றிச் சிலிண்டருக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே திருகினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அலறத் தொடங்கியது. குனிந்து மோந்தார். ஒன்றும் தெரியவில்லை. பத்தொன்பது வருட நாற்றத்தில் மூக்கு மரத்துப்போயிருந்தது.

சிலிண்டர் வால்வை மூடினார். மேல்கதவைத் திறந்துவிட்டு வந்து, அட்டையால் தரையிலிருந்து படிப்பக்கம் விசிறினார். மச்சான் மேல்படியில் வந்து நின்றார்.

"சத்தத்தை நிறுத்துய்யா, தங்கியிருக்கறவங்க எட்டிப் பாக்குறாங்க. பழையபடி மேலயே மாட்டு. அங்க சும்மாதானே இருந்துச்சு."

சித்தப்பா திருப்புளியை நீட்டினார். "நீங்களே வந்து மாட்டுங்க, மச்சான்."

மச்சான் ஒரு படி இறங்கினார். தரையைப் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. காலை மேலே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சிலிண்டர் முற்றத்துக்கு ஏறியது. சுவரைத் துளைத்துக் குழாய் மட்டும் கீழே வந்தது.

"உங்களுக்காக அண்ணன் சுவரையே உடைச்சிருக்கார்" என்றாள் சித்தி, வெகுநாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டே. "இனி எதைச் சொல்லி வேலையை விடுவீங்க?"

சித்தப்பா யோசித்துப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கினார்.