வெரேனா வீட்டு அடுப்பு

எங்கள் ரோக்காமுதாவுக்கு ஏசுவைக் கொண்டுவந்தது தான்தான் என்று வெரேனா நம்பினாள். அவர் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார் என்று அவளுக்கு யார் சொல்வது?

யுத்தம் முடிந்த மறுவருடம் சுவிட்சர்லாந்திலிருந்து கணவன் உல்ரிக்கோடு வந்தாள். சிசிலியில் எத்தனையோ ஊர் இருக்க, இந்த மலை உச்சிதான் அவர்கள் கண்ணில் பட்டது. என் ரொட்டிக்கடைக்கு எதிரே இருந்த கழுதைக் கொட்டடியை வாடகைக்குப் பிடித்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். மாதா சொரூபம் இல்லை, மெழுகுவத்தி இல்லை. நாலு பெஞ்சைப் போட்டுச் சபை என்றார்கள். உல்ரிக் அதற்குப் போதகர். பாதிரிக்குப் பெண்டாட்டியா என்று ஊரே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

என் மாமியார் வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி அகத்தினா, அந்த ஆள்கிட்ட பாவத்தச் சொன்னா, பொழுது சாயறதுக்குள்ள பொண்டாட்டி வாய் வழியா சந்தைக்கு வந்துடாது?" என்றாள்.

இருபது வருடத்தில் அந்தச் சபைக்குத் தவறாமல் வந்தது செவிட்டு தூரி ஒருவன்தான். அவனும் அங்கே எரிந்த கணப்புக்காக வந்தான். உல்ரிக் தொண்டை வறளப் பிரசங்கம் செய்வார், தூரி குறட்டை விடுவான், வெரேனா கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் எல்லோருக்கும் வெரேனா வேண்டும். நடுங்காத கையால் ஊசி போடுவாள், காசு வாங்கமாட்டாள். அந்தக் கைக்கு ஊரில் மதிப்பு இருந்தது, பாட்டுக்குத்தான் இல்லை.

அவர்கள் வந்த இரண்டாம் குளிர்காலத்தில் அவளுடைய ஒரே மகள் மார்த்தா தொண்டை அடைப்பான் நோயில் செத்துப்போனாள். ஐந்து வயது.

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொடுக்கும். முதல் சட்டி, சுவரை ஒட்டிய வீட்டிலிருந்து வரவேண்டும். அதற்குமுன் வேறு யாரும் முந்தக் கூடாது. வெரேனாவுக்குச் சுவரை ஒட்டிய வீடு நுன்ஸியாவுடையது. அவள் தன் முட்டையிடும் கோழியையே அறுத்துச் சூப் வைத்து எடுத்துப் போனாள்.

உள்ளே அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. வெரேனா வெளிர்நீலச் சட்டை போட்டு, கேக் சுட்டு வைத்திருந்தாள். அவர்கள் தேசத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் துக்க வீடுதான் சாப்பாடு போடுமாம்.

"வாங்க நுன்ஸியா, உக்காருங்க. மார்த்தா ஆண்டவர்கிட்ட இருக்கா, அழாதீங்க. ஐயோ, சூப்பெல்லாம் எதுக்கு? உங்க பசங்களுக்குக் குடுங்க, எங்ககிட்ட நிறைய இருக்கு."

சட்டியைத் துணியால் சுற்றி, மேலே ஒரு துண்டு கேக்கும் வைத்து, அன்பாகத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

நுன்ஸியா முகம் வெளுத்து என் கடைக்கு வந்தாள். "அக்கா, சாவு வீட்டுக்குள்ள போன சோறு திரும்பி வரலாமா? சாவையும் சேத்து என் கையில குடுத்துட்டாளே!"

அதே வருடம் ஈஸ்டருக்கு முன்பு கந்தகச் சுரங்கம் இடிந்து அவள் மகன் நீனோ மண்ணுக்குள் போனான். துக்கம் கேட்க ஓடிய வெரேனாவின் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. பல வருடம் கழித்து, ரொட்டி வாங்க வந்த இடத்தில் என்னிடம் கேட்டாள். சொன்னேன். ரொட்டியைக்கூட எடுக்காமல் நேரே நுன்ஸியா வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு நின்றாள். கதவு திறக்கவில்லை.

போன ஜனவரியில் உல்ரிக் இறந்தார். எங்கள் கோவிலைச் சேராதவர் என்று மயானச் சுவருக்கு வெளியே, மார்த்தாவின் பக்கத்தில் புதைத்தார்கள். வெரேனா இருமிக்கொண்டே திரும்பி வந்தாள். அந்த வீட்டில் அதன்பிறகு புகை எழவே இல்லை.

நான் வாசலில் நின்று கத்தினேன். "வெரேனாம்மா, பனி கொட்டுது. அடுப்பப் பத்த வைங்க!"

"வேண்டாம் அகத்தினா. இது சாவு வீடு."

"உங்க வேதத்துல அப்படி ஒண்ணும் இல்லையே!"

"இல்லதான். அன்னிக்குப் பத்த வச்சது போதும்."

"யாரும் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"கதவத் திறந்துதான் வச்சிருக்கேன்."

நுன்ஸியாவிடம் போய், "நீ போனாத்தான்டி நாங்க போகமுடியும். அந்தம்மா குளிர்ல வெறச்சுப் போயிடும்" என்றேன்.

"என் நீனோவக் கேட்டுட்டு வா. அவன் சரின்னா போறேன்" என்றாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு சூப் கொதித்தது, ஆறியது, மறுபடி கொதித்தது. முதல் சட்டி போகவில்லை என்று எல்லோரும் காத்துக் கிடந்தோம். எங்கள் வழக்கத்தைத் தூக்கி உலையில் போட.

மூன்றாம் நாள் சாயங்காலம் நுன்ஸியாவின் கதவு திறந்தது. கறுப்புச் சால்வை, கையில் அதே பழைய சட்டி. யாரையும் பார்க்காமல் நடந்தாள். நாங்களும் அவரவர் சட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினோம்.

வெரேனா கோட்டைப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் கையைத் தொட்டுப் பார்த்தேன். விறைத்திருந்தது. உயிர் எப்போதோ போய்விட்டது.

நுன்ஸியா சட்டியோடு அப்படியே நின்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, "எடுத்துட்டு வந்துடு நுன்ஸியா, சாப்பிட இங்க யாரு இருக்கா?" என்றாள்.

"இன்னொரு தடவ இதைத் தூக்கிட்டுப் போக மாட்டேன்."

இன்னொரு நாற்காலியை இழுத்து வெரேனாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சட்டியை மடியில் வைத்து, கரண்டியால் அள்ளிக் குடிக்க ஆரம்பித்தாள். துக்கச் சாப்பாடு செத்தவர்களின் உறவுக்குத்தான். வேறு யாரும் அதில் வாய் வைப்பதில்லை.

"என்னடி பண்றே?" என்றேன்.

"இந்த வீட்டுக்கு ஆள் நான்தான்" என்றாள், அழுதுகொண்டே விழுங்கினாள்.

நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், எங்கள் சட்டிகளை அவள் முன்னால் வைத்தோம்.