வாய் திறக்காத காலை

பக்கவாதம் வந்து என் கணவருக்குப் பேச்சு போன பிறகு, செஞ்சிக் கடைத்தெருவில் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசினார்கள். போனது பேச்சுதான், காது இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? "இன்னா மொதலாளி, பேச்சு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளில் அவர் எங்கள் ஜவுளிக்கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். கால் நன்றாகத் தேறியும் வாசற்படி தாண்டவில்லை. மனுஷர் இப்படியே வீட்டுக்குள் முடங்கிப்போவாரோ என்று எனக்கு ஓயாத பயம்.

பங்குனியில், மலைக்குப் பின்னால் இருக்கிற காப்புக்காட்டு ஏரியில் பொதுமக்களுக்குப் பறவை காட்டப்போவதாகக் கடைக்கு வந்த டீச்சர் ஒருத்தி சொன்னாள். அவள்தான் எல்லாரையும் கூட்டிப்போகிறவள்.

"ஏரிக்கரைல யாரும் வாயே தொறக்கக் கூடாதுக்கா. பறவைய பாத்தா கைய காட்டணும், அவ்ளோதான்."

அந்த ஒரு விதிக்காகவே நாங்கள் இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டேன். பளிச்சென்று உடுத்தக் கூடாது என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். அது என் காதில் ஏறினால்தானே? ஜோடியாக வெளியே கிளம்பினால் பட்டு கட்டித்தான் எனக்குப் பழக்கம். அவர் சலவை வேட்டியில் போய் நின்றார், நான் பட்டுப்புடவையில்.

"கல்யாணத்துக்கா வந்தீங்க?" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். தன் சால்வையை என்மேல் போர்த்திவிட்டு, எங்களைக் கூட்டத்தின் கடைசியில் நிற்க வைத்தாள்.

அதன் பிறகு யாரும் பேசவில்லை. டாக்டர் ஒருவர், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அனந்தபுரத்து விவசாயி ஒருவர், எல்லாரும் கையால்தான் பேசினார்கள். மீன்கொத்தி பாய்ந்தபோது டாக்டர் என் கணவரின் தோளைத் தட்டிக் காட்டினார். இவர் அவருக்கு ஒரு நாரையைக் காட்டினார். யாரும் இவரைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பறவைகள் பாதி மங்கலாகத்தான் தெரிந்தன.

வெயில் ஏறியதும் புளியமரத்தடியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போதுதான் டீச்சர் கேட்டாள்: "இப்ப பேசலாம். ஒவ்வொருத்தரா சொல்லுங்க, உங்களுக்கு எந்தப் பறவை புடிச்சுது?"

இதற்காகவா இத்தனை பாடுபட்டு அழைத்து வந்தேன்! அவர் முறை வந்ததும் வழக்கம்போல நான் வாயெடுத்தேன். அவர் என் மணிக்கட்டை அழுத்தி நிறுத்திவிட்டு எழுந்தார்.

கடையில் புடவையைத் தன் தோளிலேயே போட்டு, முந்தானையை மடித்து விரித்துக் காட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. அந்தக் கை இப்போது சால்வைக்கு அடியிலிருந்து என் முந்தானையை உருவியது. செங்காவிப் பட்டு, கறுப்புக் கரை. ஒரு முனையை என்னிடம் பிடிக்கக் கொடுத்து, வலது கை இன்னும் சரியாக வராததால் இடது கையாலேயே விசிறிமடிப்பு மடித்தார். அதைத் தலைக்குமேல் தூக்கிப் படக்கென்று விரித்தார். பிறகு குனிந்து, மூக்கால் மண்ணைக் கொத்துவதுபோல் இரண்டு எட்டு நடந்தார். முனையைப் பிடித்திருந்த நானும் கூடவே குனிந்து ஓட வேண்டியதாயிற்று.

"கொண்டலாத்தி!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. காலையில் ஏரிக்கரையில் விசிறிக் கொண்டையை விரித்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த பறவை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சிரிப்பை!

அடுத்தது டாக்டர். அவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, இறக்கை உலர்த்தும் நீர்க்காகமாக நின்றார். அவருக்குப் பின் ஒருவர்கூடப் பேசவில்லை. இப்படிச் செய்யுங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த முகங்களை இப்போது நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பஸ்ஸைவிட்டுக் கடைத்தெருவில் இறங்கியதும் நான் வீட்டுப்பக்கம் திரும்பினேன். அவர் திரும்பவில்லை. கடைச் சாவிக்காக என்னிடம் கை நீட்டினார்.