இல்லாத ஆடு

பதினொரு வருஷம் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் தனியார் பஸ் ஓட்டினேன். ஒரு நாளைக்கு ஆறு நடை. முன்னால் எப்போதும் ஒரு சிமெண்ட் லாரி, அதன் புழுதி முழுக்க என் மூக்கில். வீட்டுக்கு வந்து படுத்தாலும் இடுப்பு மட்டும் குலுங்கிக்கொண்டே இருக்கும். சலிப்பு என்றால் அப்படி ஒரு சலிப்பு. லீவு கேட்பதற்குக்கூட அலுப்பாக இருக்கும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் மத்தியானம் வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புத் துணியோடு சாலையோரம் வந்து நிற்பான். அவனை மதிக்காமல் போனால் கண்ணாடியில் கல் வந்து விழும். புதிதாக வந்த டிரைவர்கள் அந்தத் துணியைத் தேடித் தேடிப் பார்ப்பார்கள். நாலைந்து வருஷம் போனால் தேட வேண்டியதில்லை. கண்டக்டரிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பேன், பஸ் நின்றிருக்கும். நிறுத்தியது நான்தான் என்பது அப்புறம்தான் எனக்கே உறைக்கும்.

தொண்ணூற்றொன்பது என்று நினைக்கிறேன். மாசி மாதம், மூன்று மணி வெயில். சுரங்கமெல்லாம் தாண்டி வெகுதூரம் வந்தாயிற்று. இரண்டு பக்கமும் பருத்திக்கொல்லை, சாலையில் ஒரு காக்காய்கூட இல்லை. திடீரென்று என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. மிதித்தேன் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. பஸ் கிறீச்சென்று நின்றது, உள்ளே ஒரே கூச்சல். முன்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் இரண்டு கையிலும் துணிப்பை வைத்திருந்தாள். கம்பியைப் பிடிக்க முடியாமல் கையை ஊன்றி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"என்னண்ணே? குறுக்க என்ன வந்துச்சு?" என்று கண்டக்டர் கத்தினான்.

முன்னால் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்கு ஒரு பெண்ணின் கையை ஒடித்துவிட்டேன் என்று ஐம்பது பேர் முன்னால் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆடு."

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மூன்றாவது சீட்டுப் பெரியவர் எழுந்து, "ஆமாமா, கறுப்பாடு. நான் கண்ணால பாத்தேன்" என்றார். பின்னாலிருந்து ஓர் அம்மாள் அது சினையாடு என்றாள். அடப் பாவிகளா! நான் பார்க்காத ஆட்டை பஸ்ஸே பார்த்துவிட்டது. முதலாளியிடமும் அதே ஆடுதான். "ஆடு வந்தா என்னய்யா பண்றது" என்று அவரும் விட்டுவிட்டார். ஆடு இல்லையென்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

அந்தப் பெண்ணைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நாங்கள்தான் சேர்த்தோம். குரும்பலூரில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள், புருஷன் தவறிவிட்டான், இரண்டு பெண் பிள்ளைகள். ஆட்டோவில் போகும்போது வலியில் அழவில்லை. "கத்திரி புடிக்கிற கைண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாலாம் நாள் அதே இடத்தில், அதே மூன்று மணிக்கு, என் கால் மறுபடியும் துள்ளியது. இந்தத் தடவை நான் விழிப்பாக இருந்தேன், அடக்கிக்கொண்டேன். ஓரத்தில் பார்த்தேன். பருத்தி எடுக்க வந்தவர்கள் கொல்லையில் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களில் யாருடையதோ ஒரு சிவப்புப் பாவாடை வேலிமுள்ளின் மேல் காய்ந்தது, காற்றில் ஆடியது. அன்றைக்கும் அது அங்கேதான் காய்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கண் பார்த்திருக்கிறது, கால் மிதித்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கண்டக்டரிடம் சொன்னேன். "வுடுங்கண்ணே. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எல்லாரும் ஆட்ட நம்பிட்டாங்க, நீங்களும் நம்பிட்டுப் போங்க" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு குரும்பலூருக்குப் போனேன்.

தையல் மிஷின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் வெட்டாத துணிகள் ஒரு கட்டு. அவள் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனவனுக்கு அதுவே கஷ்டமாக இருந்தது.

"கை எப்படிம்மா இருக்கு?"

"இனிமே முழுசா மடங்காதுன்னுட்டாங்க. தச்சுக் குடுக்கறேன்னு வாங்குன துணியெல்லாம் திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கேன்." வெட்டாத துணிக்கட்டை இடது கையால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு அவளே சொன்னாள். "என்ன பண்றதுண்ணே, வாயில்லா ஜீவன். அதுவும் சினையாடாம்ல? ரெண்டு உசுரு பொழச்சுதே. எங்கையி போனாப் போவுது."

அதைக் கேட்டபிறகு எப்படி வாயை மூடிக்கொண்டு வருவது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுரங்கம், சிவப்புத் துணி, வேலியில் காய்ந்த பாவாடை, ஆடே வராதது, எல்லாம். பார்த்ததே தெரியாமல் கால் தானாகப் போய்விட்டது என்றும் சொன்னேன்.

அவள் மூடிக் கிடந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குப் புரியாம இல்லண்ணே. மிஷின்ல உக்காந்தா என் காலும் தானாத்தான் ஓடும். நான் அதுகிட்ட சொல்லிட்டா ஓட்டுறேன்?" என்றாள். "ஆனா ரெண்டு உசுருக்காகப் போச்சுன்னு நெனச்சு நெனச்சுத்தான் இத்தன நாளா மனச தேத்திக்கிட்டு இருந்தேன். அதையும் புடுங்கிட்டீங்களேண்ணே."