வெள்ளிக்கிழமை வந்த எருமை

வென்ட்வேர்த்வில்லில் வசிக்கும் குலசிங்கம், காட்டெருமைக் கொம்பு மாட்டுவதற்கென்று வரவேற்பறைச் சுவரில் ஆணியை அடித்துவிட்டுத்தான் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் புறப்பட்டார். பரமட்டாவில் அவர் வேலை செய்யும் அலுவலகம் முழுக்க வீரம் பேசியாயிற்று. வெறுங்கையோடு திரும்பினால் அங்கே தலைகாட்ட முடியாது.

பயணத்தின் கடைசி நாள், எருமை ஒன்று கல்லெறி தூரத்தில் வந்து நின்றது. “சுடுங்கள்” என்று வழிகாட்டி கிசுகிசுத்தார். குறிபார்த்தபோதுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது குலசிங்கத்துக்கு உறைத்தது. வெள்ளியில் முட்டையைக்கூடத் தொடாத பரம்பரை! துப்பாக்கியை இறக்கிவிட்டார். எருமை ஆறுதலாகப் புல் மேய்ந்துவிட்டுப் போனது.

“கொம்பு எங்கையப்பா?” என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி இரஞ்சிதம்.

“அது வெள்ளிக்கிழமையெல்லோ வந்தது.”

“தெரிஞ்சுதான் வந்திருக்கு. எனக்கு உங்கட தலை முழுசா வந்ததே போதும்,” என்றவள், அவருடைய வேட்டைத் தொப்பியைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினாள்.