எட்ட நின்று எடுக்கிற லென்ஸ்

என் புருசன் அன்ரனிதாஸ் ஊர்காவற்றுறையில் படம் பிடிக்கிறவர். இருபது வருசமாக கோயிலில் முதல்நன்மை வாங்குகிற பிள்ளைகள், கலியாணச் சோடிகள், அடையாள அட்டைக்கு முழி பிதுங்க நிற்கிற ஆட்கள், செத்தவீடுகள் என்று எடுத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அவருக்கு அதெல்லாம் கலையில்லையாம்.

சமாதானம் வந்த அடுத்த வருசம் ஒரு வெள்ளைக்காரன் மண்கும்பான் கடற்கரையில் முழங்கை நீள லென்ஸோடு நின்றதைக் கண்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. நாலு மாதம் யோசித்தார். யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போய்ப் போய்த் தூக்கிப் பார்த்தார். பாரம் கூடவோ, வெளிச்சம் போதுமோ, கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்குமோ என்று கண்டவனையெல்லாம் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

"இதாலை என்னத்தை எடுக்கப் போறியள்?"

"தூரத்திலை நிக்கிறதை எடுக்கலாம்."

"தூரத்திலை என்ன கிடக்கு? கடல். கடற்பக்கம் கமராவை நீட்ட நேவிக்காரன் விடுவானே? வெளிநாட்டிலை இருக்கிற சனம், கிட்ட இருக்கிற எங்களைப் பாக்கத்தானே படம் கேக்குது?"

"உமக்கு இது விளங்காது."

எனக்கு விளங்கவில்லைதான். அந்த லென்ஸை வாங்க என் இரண்டு காப்பும் போயின. அது போதாதென்று பழைய சின்ன லென்ஸையும் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த கலியாணத்துக்கு முதல் வேறொன்று வாங்கலாமாம். சுருவிலுக்குப் போய் ஒரு பிலிம் முழுக்கக் கொக்கு எடுத்தார். கொக்கு வந்து படத்துக்குக் கொப்பி கேட்கப்போகிறதா?

கலியாணம் வருமுன் செத்தவீடு வந்தது. என் அப்பா பஸ்ரியாம்பிள்ளை போய்விட்டார். தம்பி றெக்ஷன் பாரிசில் விசா இல்லாமல் நிற்கிறவன், வர ஏலாது. தொலைபேசியில் அழுதழுது ஒன்றைத்தான் கேட்டான். "அத்தானட்டைச் சொல்லு அக்கா. பெட்டியைச் சுத்தி எல்லாரும் நிக்கிற படம் ஒண்டு. அப்பான்ரை முகத்தைப் பாக்கவேணும்."

எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். கிட்ட இருக்கிறது அந்த லென்ஸுக்குள் அடங்கவுமில்லை, தெளியவுமில்லை; இவர் கமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் போனார். சுவர் முட்டியது. முற்றத்துக்குப் போனார். படலைக்குப் போனார். கடைசியில் தெருவைத் தாண்டி எதிர்வேலியில் முதுகை முட்டிக்கொண்டு நின்றார். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். தூக்கின பெட்டியை வழியில் இறக்கக்கூடாது, கோயிலுக்குத்தான் போகவேண்டும் என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். பங்குச் சுவாமியும் வந்துவிட்டார். மூடியைப் போட்டார்கள்.

உள்ளதும் போச்சுதடா நொள்ளைக் கண்ணா என்பது இவருக்காகவே சொன்னது. எதிர்வேலியில் நின்று திறந்த வாசலுக்குள்ளால் அவர் எடுத்த ஒரே படம்தான் வந்தது. சுற்றி நின்ற எங்களைச் சுவர் மறைத்துவிட்டது. வாசலைப் பார்த்துக் கிடந்த அப்பாவின் இரண்டு கால்களும் பெட்டி விளிம்புக்கு மேலால் தெரிந்தன. புது வெள்ளைச் சொக்ஸ், ஒவ்வொரு நூலும் எண்ணலாம். முகம் கால்களுக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் அதைத்தான் தம்பிக்கு அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து, படம் கிடைத்ததும் றெக்ஷன் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, அப்பா ஒருநாளும் சொக்ஸ் போடேல்லையே. இது ஆரின்ரை கால்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.